ஜிம்பல் இருந்தும் நடக்கும்போது படம் துள்ளுகிறது: ஐபிஸை அணைக்கணுமா, வைக்கணுமா?

#1 தாள்விளிம்பு

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சின்ன பைண்டிங் பட்டறையைப் பற்றி 12 நிமிட ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஷாட் ஒன்று இருக்கிறது. மோவாய் வரைக்கும் அடுக்கிய தாள்கட்டைச் சுமந்துகொண்டு ஒரு அம்மா வாசலிலிருந்து உள்ளே போகிறார். அவர் பின்னாலேயே போய், கட்டை இறக்கி வைக்கிற தையல் மேசையில் ஷாட் முடியணும். மொத்தம் 14 மீட்டர் நடை. நடுவில் வெட்டக் கூடாது. கூடவே நடந்து போனால்தான் அந்தக் கட்டின் கனம் பார்க்கிறவருக்குத் தெரியும்.

ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் பாடி, உள்ளே 5 அச்சு ஐபிஸ் (ஆட்டத்தை ஈடுகட்ட சென்சாரையே நகர்த்தும் அமைப்பு) இருக்கிறது. லென்ஸ் 16 மி.மீ. ப்ரைம், அதாவது ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24. மூன்று அச்சு ஜிம்பல் (மோட்டார்களால் கேமராவைச் சாயாமல் வைத்திருக்கும், கையில் பிடிக்கிற கருவி), 2 கிலோ தாங்கும். என் பாடியும் லென்ஸும் சேர்ந்து ஒரு கிலோகூட இல்லை. 4கே, 25 ஃபிரேம், ஷட்டர் 1/50.

6 டேக் எடுத்தேன், ஒன்றுகூடத் தேறவில்லை. ஒவ்வொரு அடிக்கும் படம் மேலும் கீழும் துள்ளுகிறது. இடது பக்கம் ஒரு மேசை விளிம்பு கடந்து போகிற இடத்தில் துள்ளல் அப்பட்டமாகத் தெரிகிறது. அது போக, திரையின் ஓரங்களில் கதவு நிலை, அலமாரிச் சட்டம் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பதைப் போல நெளிகின்றன. கடைசியில் மேசை முன்னால் நின்ற பிறகும் நிம்மதி இல்லை: புத்தக முதுகில் இருக்கிற எழுத்து பொடிப்பொடியாக நடுங்குகிறது.

பிராண்டு பெயர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என் கையில்தான் ஏதோ தவறு என்று தோன்றுகிறது. ஜிம்பல்மேல் ஐபிஸை அணைக்கணும் என்று சிலர், வைக்கணும் என்று சிலர். எது சரி? 9 நாள் கழித்து இரண்டாவது ஷூட், அதற்குள் இதைத் தீர்த்தாகணும்.

#2 கைப்பிடி

நண்பரே, 5 அச்சு ஐபிஸ் இருக்கிற பாடிக்கு ஜிம்பல் எதற்கு? கையிலேயே எடுங்கள். மூச்சு தெரிகிற மாதிரி லேசான அசைவு இருந்தால் ஆவணப்படத்துக்கு அழகுதான். நான் மூன்று வருடமாக ஜிம்பலைத் தொடவில்லை.

#3 மூன்றச்சு

கைப்பிடி சொல்றது நின்னு எடுக்கிற ஷாட்டுக்குச் சரி. 14 மீட்டர் நடைக்குச் சரி வராது.

தம்பி, நீங்க ஒரே பிரச்சினையா நினைச்சு எழுதியிருக்கீங்க. இது மூணு தனித்தனி பிரச்சினை, மூணுக்கும் காரணம் வேற. துள்ளல் உங்க காலிலிருந்து வருது. ஓரம் நெளியறது அநேகமா ஐபிஸ். நின்ன பிறகும் பொடி நடுக்கம் இருந்தா ஜிம்பல் பேலன்ஸ், இல்ல மோட்டார் செட்டிங், இல்ல ஏதாவது ஒரு திருகு லூசு.

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. மூணையும் ஒரே நாள்ல மாத்தினா எது எதைச் சரிபண்ணிச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. முதல் வேலை: ஐபிஸை ஆஃப் பண்ணிட்டு அதே 14 மீட்டர் ஒரு தடவை நடங்க. அப்புறம் ஓரத்தை மட்டும் பாருங்க, மத்ததை இப்போதைக்கு விட்டுடுங்க.

#4 நுண்ணலை

மூன்றச்சு பிரித்துச் சொன்னது மிகச் சரி. அதன் பின்னால் இருக்கிற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு புரிந்தால் எதை ஜிம்பலிடம் எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.

கேமரா இரண்டு விதமாக ஆடும். ஒன்று, இருந்த இடத்திலேயே திரும்புவது: இடம் வலம், மேல் கீழ், பக்கவாட்டுச் சாய்வு. மற்றொன்று, கேமராவே இடம் மாறுவது. மூன்று அச்சு ஜிம்பல் முதல் வகையை மட்டுமே அடக்கும். அதில் இருக்கிற மூன்று மோட்டாரும் சுழலத்தான் தெரிந்தவை. உங்கள் இடுப்பு ஒவ்வொரு அடிக்கும் 4 செ.மீ. ஏறி இறங்கினால், கேமராவும் துளி சாயாமல், நேராகப் பார்த்தபடியே, அதே 4 செ.மீ. ஏறி இறங்கும்.

இது திரையில் எவ்வளவு தெரியும்? 24 மி.மீ.க்குச் சமமான லென்ஸில், 4கே படத்தில், 10 மீட்டர் தள்ளி இருக்கிற சுவர் இந்த 4 செ.மீ.க்கு ஏறக்குறைய 10 பிக்சல் நகரும். யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு மீட்டர் பக்கத்தில் இருக்கிற மேசை விளிம்போ 100 பிக்சலுக்கு மேல் நகரும். 4கேயின் உயரமே 2160 பிக்சல்தான், அதில் கிட்டத்தட்ட 5 சதவீதம். நீங்கள் மேசை விளிம்பில் துள்ளலைப் பார்த்தது இதனால்தான். அந்த நொடியில் ஜிம்பல் தன் வேலையை ஒழுங்காகவே செய்துகொண்டிருந்தது.

ஓர நெளிவு வேறு கதை. ஐபிஸ் சென்சாரை அப்படியே நகர்த்துகிறது, அதாவது படம் முழுவதையும் ஒரே அளவு தள்ளுகிறது. ஆனால் வைடு லென்ஸில் கேமரா ஒரு பாகை இடம் வலமாகத் திரும்பினால் நடுவிலும் ஓரத்திலும் படம் ஒரே அளவு நகர்வதில்லை. 24 மி.மீ.யில் நடுவைக் காட்டிலும் இடது, வலது ஓரம் ஒன்றரை மடங்குக்கு மேல் நகரும். 16 மி.மீ.க்குச் சமமானதில் இரண்டே கால் மடங்கு. 50 மி.மீ.யில் வித்தியாசம் வெறும் 13 சதவீதம். ஐபிஸ் நடுப்பகுதியை அசையாமல் நிறுத்திவிடும், ஓரத்தில் மிச்சம் இருப்பதுதான் அந்த நெளிவு. கேமராவையே திருப்பிச் சரிசெய்யும் ஜிம்பலில் இது நேராது.

#5 தாள்விளிம்பு

நன்றி அண்ணா, நன்றி நுண்ணலை மேடம். ஒரு சந்தேகம். ஐபிஸில் 5 அச்சு என்கிறார்கள். அதில் மூன்று திரும்புவதற்கு என்றால் மீதி இரண்டு மேல் கீழ், இடம் வலம் நகர்வதற்குத்தானே? அப்படியானால் நடையின் துள்ளலை ஐபிஸே பிடித்திருக்க வேண்டாமா?

#6 நுண்ணலை

நல்ல கேள்வி. அந்த இரண்டு அச்சும் உண்மையில் இருக்கின்றன. மிக அருகில் வைத்து எடுக்கும்போது, ஒரு பூவையோ பூச்சியையோ மேக்ரோவில் எடுக்கும்போது, கையின் மில்லிமீட்டர் அசைவுகூடப் படத்தைக் கெடுக்கும். அங்கே அவை பெரிய உதவி.

நடைக்கு அவை ஏன் போதாது என்பதற்கு உங்கள் பட்டறையே சாட்சி. மேசை ஒரு மீட்டரில், சுவர் பத்து மீட்டரில். சென்சாரை நகர்த்தி மேசையை நிறுத்தினால் சுவர் எதிர்ப்பக்கம் துள்ளும். சுவரை நிறுத்தினால் மேசை துள்ளும். ஒரே நகர்த்தலில் இரண்டையும் நிறுத்த முடியாது. அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் வேறு வேறு அளவு நகர்ந்து முடிந்துவிட்டன, அது படத்திலேயே பதிந்துவிட்டது. கேமரா இடம் மாறாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் இதற்கு வழி.

உடம்பில் மாட்டிக்கொள்ளும் கேமரா தாங்கியான ஸ்டெடிகேமில் ஸ்பிரிங் வைத்த கை இருப்பது இதற்காகத்தான். 1970களின் நடுவில் காரெட் பிரவுன் அதைக் கொண்டுவந்தபோது, இடுப்பின் ஏற்ற இறக்கத்தை அந்தக் கை வாங்கிக்கொண்டது. கையடக்க ஜிம்பலில் அந்தக் கை கிடையாது. உங்கள் முழங்காலும் முழங்கையும்தான் அந்த ஸ்பிரிங்.

#7 கைப்பிடி

நுண்ணலை விளக்கியது எனக்கே புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. துள்ளல் விஷயத்தில் ஜிம்பலும் ஐபிஸும் ஒரே படகில்தான் இருக்கின்றன என்று இப்போது புரிகிறது.

ஆனாலும் ஐபிஸைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 2004இல் கோனிகா மினோல்டாவின் டிஎஸ்எல்ஆரில் சென்சார் அசைகிற முறை வந்தபோது அது ஸ்டில் படங்களுக்கான வசதி. 2012இல் ஒலிம்பஸ் இ-எம்5இல் 5 அச்சு வந்தது. 2014இல் சோனி ஏ7 மார்க் 2 அதை ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸுக்குக் கொண்டுவந்தது. பானாசோனிக்கில் பூஸ்ட் ஐ.எஸ். (நிலைப்படுத்தலைக் கூட்டும் மோடு) போட்டு அசையாமல் நின்றால் டிரைபாடில் வைத்ததுபோலவே ஃபிரேம் நிற்கும். ஜிம்பலை எடுத்து, ஆன் பண்ணி, பேலன்ஸ் பார்த்து முடிப்பதற்குள் அந்த அம்மா கட்டை இறக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். ஆவணப்படத்தில் அந்தத் தருணம் திரும்ப வராது. என் கவலை அதுதான்.

கையில் எடுப்பதென்றால்: ஸ்ட்ராப்பைக் கழுத்தில் மாட்டி, அது விறைப்பாகிறவரை கேமராவை முன்னால் தள்ளுங்கள். இரண்டு கை, கழுத்து என்று மூன்று இடத்தில் பிடி கிடைக்கும். முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்கட்டும். நின்ற இடத்தில் இடுப்பை மட்டும் திருப்புங்கள். பழைய மேனுவல் லென்ஸ் போடுகிறவர்கள் கேமராவில் ஃபோக்கல் லெங்தைக் கையால் கொடுத்தே ஆகணும். 28க்குப் பதில் 85 என்று கிடந்தால் ஐபிஸ் தேவைக்கு மேல் தள்ளி, ஆட்டத்தைத் தானே உண்டாக்கும்.

இன்னொன்று. பெட்டியில் போட்டிருக்கும் 5 ஸ்டாப், 8 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) எல்லாம் ஸ்டில் எடுக்கும்போது ஷட்டரை எவ்வளவு தாழ்த்தலாம் என்கிற அளவு. 1/60இல் கிடைக்கிற தெளிவு 5 ஸ்டாப்பில் அரை விநாடியில் கிடைக்கும், அவ்வளவுதான் அதன் பொருள். நடந்துகொண்டே வீடியோ எடுப்பதற்கு அந்த எண்ணிலிருந்து ஒன்றும் தெரியாது.

#8 தாள்விளிம்பு

முதல் சோதனை முடிந்தது. ஐபிஸை அணைத்துவிட்டு வீட்டு வராந்தாவில் நடந்தேன். ஓரங்கள் சட்டென்று அடங்கிவிட்டன! கதவு நிலை இப்போது கதவு நிலையாகவே இருக்கிறது.

கூடவே ஒன்று கவனித்தேன். முன்பு மெதுவாக இடமிருந்து வலம் திருப்பும்போது தொடக்கத்தில் படம் ஒரு கணம் தயங்கி, பிறகு வெடுக்கென்று நகரும். நிறுத்தும்போதும் அதே மாதிரி ஒரு உதறல். அதை என் கை நடுக்கம் என்று நினைத்திருந்தேன். ஐபிஸை அணைத்ததும் அதுவும் போய்விட்டது.

துள்ளல் அப்படியே இருக்கிறது (இருக்கும் என்று இப்போது தெரியும்). பொடி நடுக்கமும் போகவில்லை.

#9 மூன்றச்சு

அந்தத் தயக்கம் ஐபிஸோடதுதான். நீங்க மெல்ல திருப்பறீங்க, ஐபிஸ் அதையும் ஆட்டம்னு நினைச்சு பிடிச்சு நிறுத்தப் பார்க்குது. சென்சார் போக வேண்டிய எல்லை வரைக்கும் போயிட்டு, அதுக்கு மேல முடியாம விடும்போது வெடுக்குன்னு வரும். வைடு லென்ஸோட ஜிம்பல்ல நான் எப்பவும் ஆஃப்தான். 85க்கு மேல டெலி போட்டா மட்டும் ஆன் பண்ணிப் பார்ப்பேன், ஏன்னா அந்த நீளத்துல ஜிம்பல் மோட்டார் விடற நுணுக்க நடுக்கம் தெரியும், ஐபிஸ் அதை மென்மையாக்கும். படத்தோட ஓரத்தை வெட்டி (க்ராப்) ஆட்டத்தைக் குறைக்கிற எலெக்ட்ரானிக் மோடு எதுவா இருந்தாலும் ஜிம்பல்மேல வேண்டாம்.

இப்ப பொடி நடுக்கம். பேலன்ஸ் எப்படிப் பண்ணீங்கன்னு முழுசா எழுதுங்க. அதுக்கு முன்னாடி நான் பண்ற முறையைச் சொல்லிடறேன்.

ஷூட்டுல எப்படி இருக்குமோ அப்படியே கேமராவைத் தயார் பண்ணணும். பேட்டரி, கார்டு உள்ள, லென்ஸ் மூடி கழட்டி, ஃபில்டர் போட்டு, மைக் இருந்தா மைக், திரையைத் திறந்து எடுப்பீங்கன்னா திறந்து. அப்புறம் பவர் போடாம பேலன்ஸ். முதல்ல டில்ட் (மேல் கீழ்): லென்ஸ் நேரா பார்க்கும்போது முன்னால கவிழாம பின்னால சாயாம நிக்கணும். அப்புறம் லென்ஸை வானத்தைப் பார்க்க வைங்க, அங்கேயும் விட்ட இடத்துல நிக்கணும். நிறைய பேர் இந்த ரெண்டாவதை விட்டுடுவாங்க. அது சரியில்லைன்னா சாய்ச்சு எடுக்கும்போது மோட்டார் தனியா பாரம் சுமக்கும். அடுத்தது ரோல் (பக்கவாட்டுச் சாய்வு). கடைசியா பேன் (இடம் வலம்): கைப்பிடியைப் படுக்க வெச்சாப்புல சாய்ச்சுப் பிடிங்க, கை தானா சுத்தாம நிக்கணும். 45 பாகை சாய்ச்சு விட்டாலும் கேமரா அப்படியே நிக்குதுன்னா பேலன்ஸ் முடிஞ்சுது.

அதுக்கப்புறம்தான் ஆட்டோ டியூன் (மோட்டார் பலத்தை ஜிம்பலே அமைச்சுக்கறது). மோட்டார் பலம் ரொம்ப அதிகமா இருந்தா கேமரா பாடியில விரலை வெச்சா உர்ர்ர்னு ஒரு அதிர்வு தெரியும். ரொம்பக் குறைவா இருந்தா ஃபிரேம் வழுக்கிட்டு போகும். உர்ர்ர் நிக்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க.

#10 எடிட்மேசை

எடிட் பண்ணுகிறவன் பக்கத்திலிருந்து ஒரு யோசனை. கேமரா தன் ஜைரோ (திரும்புவதை அளக்கும் சென்சார்) தரவை வீடியோ ஃபைலிலேயே பதிவு செய்தால், ஜைரோஃப்ளோ என்கிற இலவச மென்பொருளில் போட்டுப் பிற்பாடு நிலைப்படுத்தலாம். சோனி ஏ7எஸ் 3, ஏ7 4, எஃப்எக்ஸ்3 போன்றவை பதிவு செய்கின்றன. உங்கள் பாடி செய்கிறதா என்று பாருங்கள்.

இதற்கு ஷட்டர் வேகம் கூடுதலாக வேண்டும். 1/50இல் எடுத்தால் ஒவ்வொரு அதிர்விலும் படம் கலங்கியிருக்கும். மென்பொருள் ஃபிரேமை நிறுத்திவிடும், கலங்கல் அப்படியே நிற்கும். அசையாத படத்துக்குள் எழுத்து மட்டும் மங்கி மங்கித் தெளிவதைப் பார்க்கவே கண் வலிக்கும். நான் 1/200க்குக் கீழே வந்த ஃபுட்டேஜில் நல்ல முடிவு பார்த்ததில்லை. வெளிச்சம் குறைந்த பட்டறைக்குள் 1/200 கிடைக்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம், ஜைரோவுக்கும் சுழற்சி மட்டும்தான் தெரியும். நுண்ணலை சொன்ன மேசை விளிம்புத் துள்ளலை இதுவும் தொடாது.

#11 வண்டிச்சாளரம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், இதே வகைக் கேள்விதான். ஓடும் காரிலிருந்து ஜிம்பலில் எடுக்கிறேன். நேர் சாலையில் அற்புதம். நீண்ட வளைவு வந்தால் தொடுவானம் மெல்ல மெல்லச் சாய்கிறது, வளைவு முடிந்ததும் மெல்லத் திரும்புகிறது. மூன்று முறை கேலிப்ரேட் செய்துவிட்டேன். ஜிம்பல் பழுதா?

#12 நுண்ணலை

பழுதில்லை. எது கீழ்ப்பக்கம் என்பதை ஜிம்பல் முடுக்கத்தை அளக்கும் ஆக்ஸிலரோமீட்டரை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. அதனால் புவியீர்ப்பையும் வளைவில் வருகிற முடுக்கத்தையும் பிரித்தறிய முடியாது. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போனால், காருக்குள் "கீழே" என்று உணரப்படும் திசையே கிட்டத்தட்ட 19 பாகை சாய்ந்துவிடும். நீங்களும் இருக்கையில் ஒரு பக்கம் தள்ளப்படுவீர்கள் இல்லையா, அதே தள்ளல்தான். ஜைரோ கொஞ்ச நேரம் சமாளிக்கும், வளைவு நீண்டால் ஜிம்பல் மெதுவாக அந்தப் பொய்யான கீழ்ப்பக்கத்தை நம்பத் தொடங்கும். குறுகிய வளைவில் தெரியாமல் நீண்ட வளைவில் மட்டும் தெரிவதற்குக் காரணம் இதுவே. வேகத்தைக் குறைத்தால் நன்றாகவே குறையும், ஏனென்றால் முடுக்கம் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது: பாதி வேகத்தில் கால் பங்கு.

#13 வண்டிச்சாளரம்

பெரிய நிம்மதி. திருப்பி அனுப்பப் பெட்டி கட்டி வைத்திருந்தேன், பிரித்துவிட்டேன். நன்றி.

#14 தாள்விளிம்பு

பொடி நடுக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அண்ணா சொன்ன வரிசைப்படி முதலிலிருந்து பேலன்ஸ் செய்தேன். இரண்டு தவறு இருந்தது.

ஒன்று, என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி). வெறும் லென்ஸோடு பேலன்ஸ் செய்துவிட்டு, பட்டறை வாசலில் வெளிச்சம் அதிகம் என்று அங்கே போய் ஃபில்டரைப் போட்டிருக்கிறேன். சின்னக் கண்ணாடி வளையம்தானே என்று நினைத்தேன். லென்ஸின் நுனியில் போய் உட்காருவதால் முன்பக்கம் நன்றாகவே கவிழ்ந்திருக்கிறது. மோட்டார் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டே இருந்ததால் வெளியே தெரியவில்லை.

இரண்டாவதை விரலால்தான் கண்டுபிடித்தேன். பவர் போட்டு, கேமரா பாடியில் ஒரு விரல், அடியில் இருக்கிற பிளேட்டில் ஒரு விரல் வைத்தேன். பிளேட்டில் அதிர்வு லேசு, பாடியில் பலமாக இருந்தது. இரண்டும் ஒட்டிய ஒரே துண்டு என்றால் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கணுமே என்று கேமராவைப் பிடித்து மெல்லத் திருகினேன். அரை மில்லிமீட்டர் இருக்கும், பிளேட்டின் மேல் கேமரா திரும்பியது. திருகை நான் கையாலேயே முடுக்கியிருந்தேன். கழற்றிப் பார்த்தால் பிளேட்டின் ரப்பரில் பளபளப்பாக ஒரு பிறை வடிவத் தேய்மானம். இத்தனை நாளும் கேமரா அந்தப் பிறைக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

திருகை ஆலன் கீயால் முடுக்கி, ஃபில்டரோடு மறுபடி பேலன்ஸ் செய்து, ஆட்டோ டியூன் ஓடவிட்டேன். புத்தக முதுகில் எழுத்து கல்லில் வெட்டியதுபோல நிற்கிறது.

இனி துள்ளல் ஒன்றுதான் பாக்கி.

#15 மூன்றச்சு

அந்தப் பிறையைப் பார்த்தீங்களே, ரொம்ப சந்தோஷம். மோட்டார் ஒரு பக்கம் திருத்த, கேமரா பிளேட்டுல தாமதமா வர, அதை ஜிம்பல் மறுபடி திருத்த, இப்படியே சுத்திச் சுத்தி வந்ததுதான் உங்க நடுக்கம். இனிமே டேக்குக்கு டேக் நடுவுல திருகை ஒரு தடவை தொட்டுப் பாருங்க.

நடைக்கு வருவோம். முழங்காலை மடக்கி நடங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, சரிதான். ஆனா பாதி பேர் மடக்கிட்டு அப்படியே விறைப்பா நடப்பாங்க, அப்போ முழங்கால் மடங்கியும் பிரயோசனம் இல்ல. குதிகால் முதல்ல, அப்புறம் பாதத்தின் ஓரமா உருண்டு விரல்ல முடியணும், தரையில எதையோ ஒட்டற மாதிரி. ஒரு கால்ல பாரம் முழுசா இறங்கின பிறகுதான் இன்னொரு கால் எழும்பணும். தலை உயரம் மாறுதான்னு பார்க்க, ஜன்னல் விளிம்பு மாதிரி ஒரு படுக்கைக்கோட்டைக் கண் மட்டத்துல வெச்சுக்கிட்டு கேமரா இல்லாமலே நடந்து பழகுங்க.

எல்லாத்தையும் விட முக்கியம் அடி நீளம். நீளமா எட்டு வெச்சா இடுப்பு அதிகமா இறங்கி ஏறும், சின்ன அடி வெச்சா குறையும். அந்த அம்மா பின்னால அவங்க வேகத்துக்கு ஈடு கொடுக்க நீங்க எட்டிப் போட்டு நடந்திருப்பீங்க, ஆறு டேக்கும் துள்ளினதுக்கு பெரிய காரணம் இதுவாத்தான் இருக்கும்.

ஜிம்பல்ல பேன் ஃபாலோ வேகத்தைக் குறைச்சு, டெட்பேண்டைக் (எவ்வளவு ஆட்டம் வரைக்கும் கேமரா பின்தொடராம இருக்கணும்கற அளவு) கூட்டுங்க. இல்லேன்னா ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டு இடம் வலமா ஆடறதையும் கேமரா பின்தொடரும். டில்ட்டை லாக்குல வெச்சிடுங்க. ரெண்டு கையால பிடிங்க, முழங்கை உடம்பை ஒட்டாம தளர்வா தொங்கட்டும். கையில எடுக்கும்போது கைப்பிடி சொன்னதுக்கு நேர் எதிர் இது, ஏன்னா இங்க முழங்கைதான் ஸ்பிரிங்.

#16 கைப்பிடி

அடி நீளம் பற்றிய குறிப்பு அருமை. என் பங்குக்கு ஒன்று: அந்த மேசை விளிம்பை ஃபிரேமிலிருந்தே எடுத்துவிட முடியாதா? பாதையை அரை மீட்டர் வலப்பக்கம் தள்ளி நடந்தால், அருகில் எதுவும் இல்லாமல் தொலைவில் இருப்பது மட்டும் தெரியும். நுண்ணலை கணக்குப்படி பார்த்தால் மிச்சத் துள்ளலும் மறைந்துவிடுமே.

50 ஃபிரேமில் எடுத்துப் பாதி வேகத்தில் ஓட்டலாம் என்றும் சொல்ல நினைத்தேன், துள்ளல் பாதியாக மென்மையாகும். ஆனால் அந்த அம்மாவின் நடை வேகம் மாறிவிடும், கட்டின் கனமும் பொய்யாகிவிடும். அந்த ஷாட்டுக்கு நான் செய்ய மாட்டேன்.

#17 தாள்விளிம்பு

இரண்டாவது ஷூட் முடிந்தது. விவரமாக எழுதுகிறேன், இதே சிக்கலோடு வருகிறவர்களுக்கு உதவும்.

ஐபிஸ் ஆஃப், டில்ட் லாக், பேன் ஃபாலோ மெதுவாக. காலையில் அரை மணி நேரம் கேமரா இல்லாமல் நடந்தேன், கண் மட்டத்தில் அலமாரித் தட்டு. அந்த அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் மெதுவாக நடக்க முடியுமா என்று கேட்டேன். "இந்தக் கனத்தோட மெதுவா நடந்தாத்தான்யா கஷ்டம், சீக்கிரம் இறக்கி வைக்கணும்" என்றார். அதற்கு மேல் கேட்க மனம் வரவில்லை. கனத்தைக் காட்ட வந்தவன் அதைக் கூட்டக் கூடாது. அதனால் அவர் வேகத்தை அப்படியே விட்டு, நான் எட்டிப் போடுவதை நிறுத்தினேன். சின்னச் சின்ன அடியாக, அவர் இரண்டடி வைக்கும்போது நான் மூன்றடி. அப்படியும் நடுவில் அவர் கொஞ்சம் முன்னே போய்விடுகிறார். இடைவெளி ஒன்றரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டராகிறது. அவர் மேசையில் கட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது நான் போய்ச் சேருகிறேன்.

முதலில் இதைத் தவறு என்று நினைத்தேன். எடிட்டில் பார்த்தபோது அவர் நம்மை விட்டு முன்னே போவதில்தான் அவசரம் தெரிகிறது.

மேசை விளிம்பை எடுத்துவிடச் சொன்னீர்கள் கைப்பிடி. ஒரு டேக்கில் பாதையை வலப்பக்கம் தள்ளி எடுத்தேன், வழுவழுவென்று வந்தது. ஆனால் பட்டறை வெறிச்சென்று ஏதோ பெரிய மண்டபம்போல் தெரிந்தது. அங்கே ஒவ்வொருவரும் மேசைகளுக்கு நடுவே ஒடுங்கித்தான் போகிறார்கள். விளிம்பு இருக்கிற நான்காவது டேக்கைத்தான் வைத்திருக்கிறேன். விளிம்பு கடக்கும் இரண்டு விநாடியில் லேசான ஏற்ற இறக்கம் இருக்கிறது. ஃபிரேம் ஃபிரேமாக அளந்தேன், 100 பிக்சல் 30 ஆகியிருக்கிறது.

மேசைக்குப் போன பிறகு ஜிம்பலைக் கீழே வைத்துவிட்டேன். தையல், பசை, முதுகு ஒட்டுவது எல்லாம் கையில்தான், ஐபிஸ் ஆன், ஸ்ட்ராப் கழுத்தில் விறைப்பாக, லென்ஸ் 50. ஊசி தாளுக்குள் போய் வெளியே வருகிற ஷாட் 40 விநாடி, மூச்சு விடுகிற அளவுக்கே அசைவு.

#18 மூன்றச்சு

100 பிக்சல் 30 ஆனது பெரிய விஷயம் தம்பி. ரெண்டுக்கு மூணு அடின்னு நீங்களே ஒரு கணக்கு பிடிச்சீங்க பாருங்க, அதை நானும் அடுத்த ஷூட்ல பண்ணிப் பார்க்கப் போறேன். அந்த நாலாவது டேக்கைப் போடுங்க, பார்க்கணும்.

#19 தாள்விளிம்பு

வண்ணம் திருத்த அனுப்பியிருக்கிறேன் அண்ணா. வந்ததும் முதலில் இங்கேதான் போடுவேன்.